காப்பி பேஸ்ட்டுக்குள்ள நடக்குற பேரம்

எக்ஸெல்ல ஒரு நாலு செல்லை செலக்ட் பண்ணி காப்பி பண்ணுங்க. அதையே நோட்பேட்ல பேஸ்ட் பண்ணா டேப் விட்டு பிரிச்ச வெறும் எழுத்தா வரும், வேர்டுல பண்ணா கோடு போட்ட டேபிளா வரும், பெயிண்ட்ல பண்ணா படமா வரும். காப்பி பண்ணது ஒரு தடவை தான். எக்ஸெல் அந்த ஒரு தடவையிலேயே ஒரே விஷயத்தை பல ஃபார்மேட்ல நீட்டுது, வாங்குறவன் தனக்கு எது தோதோ அதை எடுத்துக்கிறான். கிளிப்போர்டுன்னா டேட்டாவை போட்டு வைக்கிற பொட்டின்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க, ஆனா உள்ள நடக்குறது கொடுக்குறவனுக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல ஒரு பேரம். டிராக் அண்ட் டிராப்பும் அதே பேரம் தான், கூட மவுஸ் ஒண்ணு சேர்ந்துக்குது, அவ்வளவு தான்.

நான் எழுதிட்டிருக்கிறது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடுற ஒரு குறிப்பெடுக்குற அப்ளிகேஷன். சி பிளஸ் பிளஸ் மொழியில, ஜன்னல் பட்டன் எல்லாம் தயாரா தர்ற க்யூட்டிங்கிற டூல்கிட் வெச்சு எழுதுறேன். அதை யூஸ் பண்றவங்கள்ல பாதிப்பேர் தமிழ்ல டைப் பண்றவங்க. இந்த வேலையில நான் ரொம்ப நேரம் செலவு பண்ண இடம் இந்த டேட்டா டிரான்ஸ்ஃபர் பகுதி தான், அதைப் பத்தி தமிழ்ல யாரும் விலாவாரியா எழுதி நான் பார்க்கல, அதான் எழுதுறேன்.

முதல்ல லினக்ஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்க ஜன்னல்களை திரையில காட்டுற பழைய அமைப்பான எக்ஸ்11 தான் இந்த பேரத்தை ஒளிவு மறைவு இல்லாம காட்டுது. எக்ஸ்11ல நீங்க கண்ட்ரோல் சி அடிக்கும்போது டேட்டா எங்கயும் போகாது. உங்க விண்டோ எக்ஸ் சர்வர் கிட்ட "கிளிப்போர்டுங்கிற செலக்ஷனுக்கு இனிமே நான் தான் ஓனர்"னு ஒரு அறிவிப்பு மட்டும் கொடுக்கும். வேற ஒரு அப்ளிகேஷன்ல கண்ட்ரோல் வி அடிச்சா தான் சர்வர் உங்களுக்கு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பும். பெரும்பாலும் முதல்ல வர்ற கேள்வி டார்கெட்ஸ், அதாவது "உன்கிட்ட என்னென்ன ஃபார்மேட் இருக்கு". நீங்க லிஸ்ட் கொடுக்கணும், அவன் ஒண்ணை தேர்ந்தெடுத்து திரும்ப கேப்பான், அப்ப தான் நீங்க டேட்டாவை கொடுப்பீங்க. பெரிய டேட்டாவா இருந்தா ஒரே மூச்சுல கொடுக்க முடியாது, இன்கர்னு ஒரு முறை இருக்கு, துண்டு துண்டா வெச்சு, அவன் எடுத்து அழிச்ச பிறகு அடுத்த துண்டை வெக்கணும். இது 1980கள் கடைசியில எழுதின விதிமுறை, இன்னைக்கும் எக்ஸ்11 ஓடுற எல்லா மெஷின்லயும் இதே தான் ஓடுது. மவுஸால செலக்ட் பண்ணி நடு பட்டனை அழுத்தினா பேஸ்ட் ஆகுதே, அது பிரைமரின்னு தனி செலக்ஷன், கிளிப்போர்டோட அதுக்கு சம்பந்தமே இல்ல, ரெண்டையும் குழப்பிக்கிற அப்ளிகேஷன் யூஸரை ரொம்ப படுத்தும்.

இதனால ஒரு விளைவு இருக்கு, புதுசா லினக்ஸுக்கு வர்றவங்க கேக்குற கேள்வி அது: "காப்பி பண்ணிட்டு அந்த அப்ளிகேஷனை மூடிட்டேன், பேஸ்ட் பண்ணா ஒண்ணும் வரல". ஓனரே போயிட்டான், யார் கிட்ட கேக்குறது? கேடிஇ டெஸ்க்டாப்புல இருக்குற கிளிப்பர் மாதிரி ஒரு கிளிப்போர்டு மேனேஜர் ஓடிட்டிருந்தா அது டேட்டாவை வாங்கி வெச்சுக்கும். நீங்க மூடுற நேரத்துல மேனேஜர் கிட்ட "இதை வாங்கி வெச்சுக்கோ"ன்னு சொல்றதுக்கு தனி வழியும் இருக்கு, பெரும்பாலும் டூல்கிட்டே பார்த்துக்கும், ஆனா உங்க சொந்த ஃபார்மேட்டையும் சேர்த்து பார்த்துக்குதான்னு டெஸ்ட் பண்ணித் தான் தெரிஞ்சுக்கணும்.

விண்டோஸ் கொஞ்சம் வேற மாதிரி. அங்க சிஸ்டம் டேட்டாவை வாங்கி வெச்சுக்கும். ஓபன்கிளிப்போர்டு, எம்ப்டிகிளிப்போர்டு, செட்கிளிப்போர்டுடேட்டா, குளோஸ்கிளிப்போர்டுன்னு நாலு கால், பார்க்க எளிமையா இருக்கும். குளோபல்அலாக்ல மூவபிளா மெமரி எடுத்து அதுல டேட்டாவை எழுதி கொடுக்கணும், கொடுத்த பிறகு அந்த மெமரி சிஸ்டத்தோடது, நாம ஃப்ரீ பண்ணக் கூடாது, தொடவே கூடாது. அங்கயும் பேரம் இருக்கு: டேட்டாவுக்கு பதிலா நல், அதாவது வெறுமை, கொடுத்தீங்கன்னா "கேட்டா தர்றேன்"னு அர்த்தம், யாராவது கேக்கும்போது உங்க விண்டோவுக்கு ரெண்டர்ஃபார்மேட் மெசேஜ் வரும், அப்ப தயார் பண்ணிக் கொடுத்தா போதும். ஐம்பது பக்க குறிப்பை யூஸர் காப்பி பண்றார், பேஸ்ட் பண்ணப் போறது வெறும் டெக்ஸ்ட்டா தான், அதுக்காக பிடிஎஃப்பும் படமும் முன்கூட்டியே தயார் பண்றது வீண் வேலை, இந்த மெசேஜ் இருக்குறதே அதுக்காகத் தான். ஆனா அப்ளிகேஷன் மூடும்போது ரெண்டர்ஆல்ஃபார்மேட்ஸ் வரும், அப்ப சொன்ன வாக்கை எல்லாம் காப்பாத்தி எல்லாத்தையும் கொடுத்துட்டுப் போகணும்.

விண்டோஸ்ல இன்னொரு தொல்லை, கிளிப்போர்டு ஒரு நேரத்துல ஒருத்தருக்குத் தான் திறக்கும். கிளிப்போர்டு மேனேஜரோ, ரிமோட்டா கனெக்ட் பண்ற சாஃப்ட்வேரோ அந்த நொடியில திறந்து வெச்சிருந்தா உங்க ஓபன்கிளிப்போர்டு தோத்துடும். இது பிழை கிடையாது, தினமும் நடக்குறது, அதனால ஒரு தடவை தோத்ததுக்கே யூஸர் முகத்துல எரர் பாக்ஸ் காட்டாதீங்க, கொஞ்சம் இடைவெளி விட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க. டாட்நெட்டோட விண்டோஸ் ஃபார்ம்ஸே 100 மில்லிசெகண்ட் இடைவெளியில 10 தடவை முயற்சி பண்ணுது.

இப்ப தமிழுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப முக்கியமான பகுதி இது தான்.

விண்டோஸ்ல டெக்ஸ்டுக்கு முக்கியமா ரெண்டு ஃபார்மேட் இருக்கு. பழைய சிஎஃப் டெக்ஸ்ட், அப்புறம் சிஎஃப் யூனிகோட்டெக்ஸ்ட். நீங்க ஒண்ணு கொடுத்தா இன்னொண்ணை விண்டோஸே மாத்தி தயார் பண்ணிக் கொடுக்கும், நல்ல எண்ணத்துல செஞ்ச வசதி. ஆனா பழைய ஃபார்மேட் கோட் பேஜை, அதாவது எந்த எண் எந்த எழுத்துன்னு சொல்ற பழைய அட்டவணையை, நம்பியிருக்கு, தமிழுக்கு விண்டோஸ்ல பழைய வகை கோட் பேஜே கிடையாது, தமிழ் அங்க யூனிகோட்ல மட்டும் தான். அதனால நீங்க அழகா யூனிகோட்ல கொடுத்தாலும், பழைய ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் சிஎஃப் டெக்ஸ்ட் தான் வேணும்னு கேட்டா அதுக்கு போய் சேர்றது வரிசையா கேள்விக்குறி. யூஸர் உங்களைத் தான் திட்டுவார், "உங்க அப்ளிகேஷன்ல இருந்து காப்பி பண்ணா கேள்விக்குறியா வருது"ன்னு. கொடுக்குற பக்கம் இதுக்கு மருந்து இல்ல. வாங்குற பக்கத்தை எழுதுறவங்க யூனிகோட் ஃபார்மேட்டை முதல்ல கேக்கணும், அது ஒண்ணு தான் வழி.

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணினவங்க கதை இதைவிட சங்கடம். அந்த ஃபைல்ல உண்மையா இருக்குறது ஆங்கில எழுத்துக்கள், ஃபான்ட் தான் அதுக்கு தமிழ் உருவம் கொடுக்குது. வேர்டுல இருந்து காப்பி பண்ணும்போது வெறும் டெக்ஸ்ட் ஃபார்மேட்ல ஃபான்ட் பேர் போகாது, அதனால நோட்பேட்ல விழுறது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல். ஆனா அதே காப்பியில ஃபான்ட், நிறம் எல்லாத்தையும் சேர்த்து வைக்கிற ஆர்டிஎஃப்பும் ஹெச்டிஎம்எல்லும் சேர்ந்து வந்திருக்கும், அதுல ஒவ்வொரு துண்டுக்கும் ஃபான்ட் பேர் இருக்கும். எங்க அப்ளிகேஷன்ல பேஸ்ட் பண்ணும்போது ஆர்டிஎஃப் வந்திருக்கான்னு பார்த்து, ஃபான்ட் பேர் பாமினின்னு இருந்தா அந்த துண்டை மட்டும் யூனிகோடுக்கு மாத்திப் போடுறோம். இருபது வருஷத்துக்கு முன்னாடி டைப் பண்ணி வெச்ச கோயில் மலரை ஒருத்தர் எடுத்து ஒட்டும்போது அது நேரா படிக்கிற தமிழா விழுது. நான் எழுதின கோட்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த சின்ன ஃபங்ஷன் தான்.

அடுத்து ஹெச்டிஎம்எல். விண்டோஸ்ல ஹெச்டிஎம்எல் ஃபார்மேட்னு பதிவான ஒண்ணு இருக்கு, அதோட தலைப்புல ஸ்டார்ட்ஹெச்டிஎம்எல், எண்ட்ஹெச்டிஎம்எல், ஸ்டார்ட்ஃபிராக்மென்ட், எண்ட்ஃபிராக்மென்ட்னு நாலு எண் எழுதணும், எது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு. அந்த எண்ணெல்லாம் பைட் கணக்கு, டேட்டா யூடிஎஃப்-8ல, அதாவது யூனிகோட் குறிகளை பைட்டா எழுதுற முறையில, இருக்கணும். ஆங்கிலத்துல டெஸ்ட் பண்றவங்களுக்கு ஒரு எழுத்து ஒரு பைட், அதனால ஸ்ட்ரிங்கோட லெங்த்தை அப்படியே எழுதினாலும் சரியா வேலை செய்யும், டெஸ்ட் பாஸ் ஆயிடும். தமிழ்ல எழுதிப் பாருங்க, "தமிழ்"ங்கிற சொல்லு கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோட்ல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு 5 குறி, யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணும் 3 பைட்டு, மொத்தம் 15. லெங்த்னு கேட்டா 5ன்னு வரும், எழுத வேண்டியது 15. இந்த தப்பு இருக்குற அப்ளிகேஷன்ல இருந்து தமிழ் பத்தியை காப்பி பண்ணி வேர்டுல போட்டா மூணுல ஒரு பங்கு தான் வரும், மிச்சம் வெட்டுப்பட்டுடும். வெட்டு ஒரு எழுத்தோட நடு பைட்ல விழுந்தா கடைசியில ஒரு கட்டம் வேற தொங்கும். க்யூட்டியில செட்ஹெச்டிஎம்எல் கூப்பிட்டா இந்த கணக்கை அதுவே போட்டுக்கும், டூல்கிட் இல்லாம நேரா விண்டோஸோட வின்32 ஃபங்ஷன்களை வெச்சு எழுதுறவங்க தயவு செஞ்சு யூடிஎஃப்-8க்கு மாத்தின பிறகு எண்ணுங்க.

மேக் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன், மூணுல அது தான் ஒழுங்கா இருக்கு. என்எஸ்பேஸ்ட்போர்டு, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பல டைப், ஒவ்வொரு டைப்பையும் கேக்கும்போது கொடுக்கலாம், தனி ஒரு சர்வர் பிராசஸ் வெச்சுக்குது. கிளிப்போர்டு மாறிச்சுன்னு நமக்கு சொல்றதுக்கு மட்டும் வழியில்ல, சேஞ்ச்கவுன்ட்னு ஒரு எண்ணை அப்பப்ப போய் பார்த்துக்கணும். தேடுறதுக்குன்னே தனி பேஸ்ட்போர்டு இருக்கு, ஒரு அப்ளிகேஷன்ல கமாண்ட் இ அடிச்சு தேடல் சொல்லா வெச்சதை இன்னொரு அப்ளிகேஷன்ல கமாண்ட் ஜி அடிச்சு தேடலாம், அருமையான யோசனை, மத்தவங்க ஏன் எடுத்துக்கலைன்னு எனக்கு ஆதங்கம்.

இப்ப டிராக். நான் ஆரம்பத்துலயே சொன்ன மாதிரி இது வேற விஷயம் கிடையாது. க்யூட்டியில க்யூமைம்டேட்டான்னு ஒரு ஆப்ஜெக்ட், அதையே க்யூகிளிப்போர்டுக்கும் கொடுக்கலாம், க்யூடிராகுக்கும் கொடுக்கலாம். விண்டோஸ்ல ஐடேட்டாஆப்ஜெக்ட், அதே தான், ஓஎல்இசெட்கிளிப்போர்டுக்கும் டோடிராக்டிராப்புக்கும் ஒண்ணே போதும். 1993ல மைக்ரோசாஃப்டோட ஓஎல்இ 2 வந்தப்ப போட்ட அமைப்பு, இன்னும் நிக்குது. அதனால எங்க கோட்ல "இந்த செலக்ஷனுக்கு டேட்டா ஆப்ஜெக்ட் கொடு"ன்னு ஒரே ஒரு ஃபங்ஷன், காப்பியும் கட்டும் டிராகும் அதைத் தான் கூப்பிடும், வாங்குற பக்கமும் அதே மாதிரி பேஸ்ட்டுக்கும் டிராப்புக்கும் ஒரே ஃபங்ஷன். காப்பி பண்ணா டேபிளா வருது, இழுத்துப் போட்டா வெறும் டெக்ஸ்டா வருதுங்கிற மாதிரி முரண்பாடு நிறைய அப்ளிகேஷன்ல பார்த்திருப்பீங்க, ரெண்டு பேர் ரெண்டு இடத்துல தனித்தனியா எழுதினா அப்படித் தான் ஆகும்.

வாங்குற ஃபங்ஷன்ல எந்த ஃபார்மேட்டை முதல்ல பார்க்கணும்ங்கிற வரிசை தான் உயிர். முதல்ல நம்ம சொந்த ஃபார்மேட், அப்புறம் ஃபைல் லிஸ்ட், அப்புறம் ஹெச்டிஎம்எல், ஆர்டிஎஃப், படம், கடைசியா வெறும் டெக்ஸ்ட், இது எங்க வரிசை. படத்தை முதல்ல பார்த்தா எக்ஸெல் செல்லெல்லாம் போட்டோவா வந்து விழும், அதுலயும் பொருள் இருக்குன்னு நினைச்சு விட்டுடாதீங்க, அந்த எண்ணை யாரும் அதுக்கப்புறம் தேட முடியாது. வந்த ஹெச்டிஎம்எல்லை அப்படியே நம்பி உள்ள விடவும் கூடாது, ஸ்கிரிப்டையும் வெளி லிங்க்ல இருந்து இறங்குற படத்தையும் வடிகட்டிட்டு விடணும், அது வெளியாள் கொடுத்த டேட்டா.

டிராக்ல புதுசா வர்ற சிக்கல் மூவ். ஒரு குறிப்பை இங்கிருந்து அங்க இழுத்தா, பழைய இடத்துல இருக்குறதை யார் அழிக்கிறது? விதி என்னன்னா வாங்குறவன் தான் "மூவ் தான் நடந்தது"ன்னு சொல்லணும், அதைக் கேட்ட பிறகு கொடுத்தவன் அழிக்கணும். கொடுத்தவன் அவசரப்பட்டு முதல்லயே அழிச்சா, வாங்குறவன் தோத்துப் போனா யூஸரோட எழுத்து ரெண்டு இடத்துலயும் இல்லாம போயிடும். இதை விட பெரிய பாவம் எடிட்டர் எழுதுறவனுக்கு கிடையாது. விண்டோஸ்ல ஃபைல்களை எக்ஸ்புளோரர் தானே நகர்த்திடும், அப்ப கொடுத்தவன் அழிக்க வேண்டாம், அழிச்சா ஆபத்து, அந்த வித்தியாசத்தை பார்த்துக்க க்யூட்டியில டார்கெட்மூவ்ஆக்ஷன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்காங்க. லினக்ஸ்ல எக்ஸ்11க்கு பதிலா வந்த வேலண்ட்ல இது தெளிவா இருக்கு, டிஎன்டி ஃபினிஷ்டுன்னு ஒரு ஈவென்ட் வரும், நடந்தது மூவா இருந்தா அது வந்த பிறகு அழிச்சுக்கோன்னு விதியிலேயே எழுதியிருக்கு. எங்க அப்ளிகேஷன்ல ஒரே ஜன்னலுக்குள்ள நடக்குற மூவை மட்டும் தனியா பிரிச்சு, சேர்க்குறதையும் அழிக்கிறதையும் ஒரே அன்டூ படியா ஆக்கியிருக்கோம், கண்ட்ரோல் இசட் ஒரு தடவை அடிச்சா ரெண்டும் சேர்ந்து திரும்பிடும்.

சின்னச் சின்னதா சில விஷயம். மவுஸை அழுத்தின உடனே டிராக் ஆரம்பிக்காதீங்க, சாதாரணமா கிளிக் பண்ணும்போதே கை ஒண்ணு ரெண்டு பிக்சல் ஆடும், வயசானவங்களுக்கு இன்னும் அதிகமா. க்யூட்டியோட ஸ்டார்ட்டிராக்டிஸ்டன்ஸ் வழக்கமா 10 பிக்சல், அதை மதிச்சு நடங்க. டிராக்ஓவர் ஈவென்ட் மவுஸ் அசையும்போதெல்லாம் வரும், அதுக்குள்ள டேட்டாவை வாங்கி பார்ஸ் பண்ணா எல்லாம் திக்கும், ஃபார்மேட் பேரை மட்டும் பார்த்து சரி இல்லைன்னு பதில் சொல்லிட்டு டிராப் நடந்த பிறகு வாங்கிக்கோங்க. விண்டோஸ்ல நேரா எழுதுறவங்க ஓஎல்இஇனிஷியலைஸ் கூப்பிடணும், வெறும் கோஇனிஷியலைஸ் பத்தாது, அப்புறம் டோடிராக்டிராப் கூப்பிட்டா டிராக் முடியிற வரைக்கும் அந்த கால் திரும்பாதுன்னு தெரிஞ்சு கோட் எழுதணும். "டிராப்பே வேலை செய்யல"ன்னு யாராவது சொன்னா முதல்ல கேக்க வேண்டியது அட்மினா ஓட்டுறீங்களான்னு, விஸ்டாவுல இருந்து சாதாரண உரிமையில ஓடுற எக்ஸ்புளோரர்ல இருந்து அட்மின் உரிமையில ஓடுற விண்டோவுக்குள்ள இழுத்துப் போட முடியாது, பாதுகாப்புக்காக தடுத்திருக்காங்க.

மெயில்ல இருக்குற அட்டாச்மென்ட்டை இழுத்துப் போட்டா அங்க ஃபைலே இருக்காது. டிஸ்க்ல பாத் கிடையாது, அதனால ஃபைல் லிஸ்ட் ஃபார்மேட்டும் வராது. விண்டோஸ்ல ஃபைல்குரூப்டிஸ்கிரிப்டர், ஃபைல்கன்டென்ட்ஸ்னு ரெண்டு ஃபார்மேட் வரும், பேர் ஒண்ணுல, உள்ளடக்கம் இன்னொண்ணுல. மேக்ல ஃபைல் பிராமிஸ், இந்த ஃபோல்டர்ல எழுதிக் கொடுன்னு நீங்க கேக்கணும். இதை விட்டுட்டு ஃபைல் டிராப் முடிஞ்சதுன்னு அறிவிச்சா முதல் வாரத்துலயே புகார் வரும், ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க பாதி நேரம் இழுக்குறது மெயில்ல இருந்து தான்.

லினக்ஸ்ல ஃபைல் லிஸ்ட் டெக்ஸ்ட்-யூஆர்ஐ-லிஸ்ட்னு வரும், ஒரு வரிக்கு ஒரு முகவரி, பாத் எல்லாம் பர்சென்ட் என்கோடிங்ல. தமிழ்ல பேர் வெச்ச ஃபைல்னா ஒவ்வொரு குறியும் 3 பைட்டு, ஒவ்வொரு பைட்டும் 3 கேரக்டரா விரியும், ஆக ஒரு குறிக்கு 9. இருபத்தஞ்சு முப்பது குறியில ஒரு பேர் வெச்சா அது இருநூறைத் தாண்டிடும், நிலையான அளவு பஃபர் வெச்சிருக்கிற கோட் எல்லாம் இங்க உடையும். ஸ்ட்ரிங்கை வெட்டி ஒட்டாம முறையான யூஆர்எல் கிளாஸ் வெச்சு டீகோட் பண்ணுங்க.

வேலண்ட்ல பேரம் பைப் வழியா நடக்கும். வாங்குறவன் பைப்போட ஒரு முனையை கொடுப்பான், கொடுக்குறவன் அதுல எழுதிட்டு மூடணும். உங்க அப்ளிகேஷனே காப்பி பண்ணி உங்க அப்ளிகேஷனே பேஸ்ட் பண்ணும்போது, ஒரே திரெட்ல படிக்க உட்கார்ந்தா எழுத ஆள் இல்லாம அப்படியே உறைஞ்சுடும். டூல்கிட் பார்த்துக்கும், கையால எழுதினா நாம தான் பார்த்துக்கணும். ஃபோகஸ் இல்லாத சாதாரண விண்டோவுக்கு கிளிப்போர்டு தெரியாது, இது நல்லதுக்குத் தான், பின்னாடி ஓடுற ஏதோ ஒண்ணு உங்க பாஸ்வேர்டை சுலபமா படிச்சிட முடியாது.

பாஸ்வேர்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, விண்டோஸ் 10ல 2018 அக்டோபர் அப்டேட்ல இருந்து கிளிப்போர்டு ஹிஸ்டரி இருக்கு, யூஸர் ஆன் பண்ணியிருந்தா கடைசி 25 காப்பி வரைக்கும் தங்கும். ரகசியமான எதையாவது காப்பி பண்ண விடுறீங்கன்னா ஹிஸ்டரியில சேர்க்காதேன்னு சொல்ற தனி ஃபார்மேட்டையும் கூட வையுங்க, கேன்இன்குளூட்இன்கிளிப்போர்டுஹிஸ்டரின்னு பேரு, மதிப்பு பூஜ்யம். ரெண்டு வரி கோட், இதைச் செய்யாம இருக்க ஒரு காரணமும் இல்ல.

கடைசியா ஒண்ணு, எல்லாராலயும் மவுஸை அழுத்திப் பிடிச்சு இழுக்க முடியாது. கை நடுக்கம் இருக்குறவங்க, டிராக்பேட் மட்டும் இருக்குறவங்க, கண்ணு தெரியாம ஸ்க்ரீன் ரீடர் வெச்சு வேலை செய்யிறவங்க. வெப்சைட் எல்லாருக்கும் பயன்படணும்னு போட்ட டபிள்யூசிஏஜி விதிமுறையோட 2023 அக்டோபர்ல வந்த 2.2ல இதுக்குன்னே விதி சேர்த்திருக்காங்க, இழுத்தே ஆகணும்ங்கிற வேலையைத் தவிர இழுத்து செய்யிற எந்த வேலைக்கும் இழுக்காம செய்ய இன்னொரு வழி இருக்கணும்னு. அது வெப்புக்கு எழுதினது, டெஸ்க்டாப்புக்கும் அதே நியாயம் தான். லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 1970கள்ல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல ஜிப்ஸி எடிட்டர் எழுதினப்ப கட்டும் பேஸ்ட்டும் கம்ப்யூட்டர் தெரியாத பதிப்பக ஊழியர்களுக்காகவே யோசிச்சு பண்ணாங்க, அந்த அக்கறை இன்னைக்கு எழுதுற நமக்கும் வேணும். எங்க அப்ளிகேஷன்ல குறிப்பு அட்டைகளை இழுத்து வரிசை மாத்துற இடத்துல கட் பண்ணி வேற இடத்துல பேஸ்ட் பண்ணாலும் அதே தான் நடக்கும், ஆல்ட் அழுத்தி மேல கீழ அம்புக்குறி அடிச்சாலும் நகரும். டேட்டா ஆப்ஜெக்ட் ஒண்ணே ஒண்ணுங்கிறதால கட்-பேஸ்ட்டுக்கு புதுசா எதுவும் எழுத வேண்டி வரல, அம்புக்குறிக்கு மட்டும் தான் தனியா ஒரு சின்ன ஃபங்ஷன்.